ஒரு சுண்டு கோவையிலை

செப். 2, செவ்வாய்

இல்லை, பச்சையாக இருந்தால் நல்ல தூள் என்று அர்த்தமில்லை. இதை இன்னும் எத்தனை தரம் சொல்வது.

காலையிலேயே வெயில். காற்று, புழுதி. நெடுங்கேணியில் மழை பெய்து மாதங்கள்.

மகளிர் சங்கத்தின் கோவையிலைக் கஞ்சிமா. சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவுக்காரருக்கு. நான் தரக்கட்டுப்பாடு. கருவிகள்: ஒரு தராசு, ஒரு அரிதட்டு, என் மூக்கு.

இன்று வந்தது மூன்று வாளி இலைத்தூள். ஒன்றில் மணல். ஒன்றில் ஏதோ வேறு கொடியும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள், மணம் வேறு. இரண்டையும் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது பரவாயில்லை.

தலைவி மனோன்மணி அன்ரி வந்து கஞ்சிமாவை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தா. "பச்சை காணாது பிள்ளை. சனம் நிறத்தைப் பாத்துத்தான் எடுக்கும்."

நாலு வருடம் உணவு விஞ்ஞானம். விடை: நிறம்.

லேபலில் "பக்கவிளைவு அற்றது". எடுக்கச் சொன்னேன். எழுதியவர் திட்ட உத்தியோகத்தர், ஒருநாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தவர். போனில் சிரித்தார். "இலைதானே தங்கச்சி. இலை ஆரைக் கொன்றது?"

அலரியிலும் இலை இருக்கிறது. போனை வைத்தேன். சொல்லி என்ன.

செப். 3, புதன்

செல்வி அக்கா பத்து மணிக்குத்தான் வந்தா. மா வறுப்பவ, கலப்பவ. நேற்று அவவின் கணவர் வயலில் விழுந்துவிட்டாராம். வியர்வை, நடுக்கம், கதை குளறல். உழவு மெஷினில் ஏற்றி ஆஸ்பத்திரி.

"சீனி அடியோட இறங்கிப்போச்சாம். டொக்டர் ஒரே ஏச்சு. சீனிக் குளிசையோட வேற என்ன குடிச்சனீங்கள் எண்டு."

"என்ன குடிச்சவர்?"

"எங்கட கஞ்சிதான். மூண்டு நேரமும்." பிறகு, பெருமையாக: "பாத்தியளே, எங்கட மா என்ன வேலை செய்யுதெண்டு!"

எல்லோரும் சிரித்தார்கள். "இந்தாளின்ர படத்தையே பக்கற்றில போடுவம்," என்றா அன்ரி. கட்டிலில் சேலைனோடு கிடக்கிற மனிதனின் படம். இவர்களோடுதான் நான் தேநீர் குடிக்கிறேன்.

செல்வி அக்காவைத் தனியே கேட்டேன். ஒரு கலவைக்கு இலை எவ்வளவு?

"ஒரு சுண்டு." அளக்கிற தகரப் பேணியைக் காட்டினா. "உங்கட கொப்பியில கிடக்கிறபடிதான்."

"தூளா?"

"ஓம். வேலியில பச்சை இலை எங்கை கிடக்கு? எல்லாம் கருகிப்போச்சே. மூண்டு கிழமையா தூள்தான்."

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். பங்குனியில், பச்சை இலைக்கு எழுதியது. என் கையெழுத்து, வடிவான கையெழுத்து.

செப். 4, வியாழன்

தராசு.

நறுக்கிய பச்சை இலை, ஒரு சுண்டு: 60 கிராம்.
அதே இலை காய்ந்தபின்: 8.
இலைத்தூள், தட்டி நிரப்பிய சுண்டு: 112.

பதினாலு மடங்கு. மூன்று தரம் நிறுத்தேன். குறையவில்லை.

தூளை மணந்தேன், அரித்தேன், நாக்கில் வைத்தேன். எவ்வளவு போடுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. படிவத்தில் "மூலிகை அளவு: சரி" என்ற இடத்தில் கையெழுத்து மட்டும். பட்டறைக்குப் போனவராவது ஒருநாள் போனார்.

அன்ரியிடம் சொன்னேன். கணக்கைக் காட்டினேன். அவ கொப்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தா.

"சனிக்கிழமை கண்காட்சி. பெரிய ஆக்கள் வருகினம். இப்ப வந்து பிழை எண்டால்?"

"மருந்து குடிக்கிறவைக்கு ஆபத்து அன்ரி."

"தண்ணி கூட விட்டுக் காய்ச்சச் சொல்லுவம்."

"தண்ணி விட்டால் இலை குறையுமோ?"

"அப்ப நீங்கள் ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

இவ்வளவு நாளில் அவ கேட்ட முதல் நல்ல கேள்வி.

புளியங்குளம் கடைக்கு ஏற்கெனவே போனது நாற்பது பக்கற். அதே கலவை. அன்ரி புதுப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனா. பேனையும் பக்கத்தில்.

செல்வி அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். "அப்ப நான்தான் அவருக்குக் குடுத்தனானோ," என்றா.

"நான் எழுதினபடிதானே குடுத்தனீங்கள்."

அவ அடுப்பில் தண்ணி ஊற்றி நூர்த்துவிட்டுப் போய்விட்டா.

செப். 5, வெள்ளி

கையெழுத்து வைக்கவில்லை. படிவத்தில் "112 கிராம். விற்கக் கூடாது" என்று எழுதி வைத்துவிட்டு வந்தேன். வேலை இருக்குமோ தெரியாது.

புளியங்குளத்துக்கு முதல் பஸ். நின்றபடி.

கடையில் மிச்சம் இருபத்தாறு. கடைக்கார ஐயாவுக்குக் கோபம். "நல்லா ஓடுற சாமான் பிள்ளை. திகதி முடிஞ்சுதோ?"

"இல்லை."

"பூச்சியோ?"

"இல்லை ஐயா. அளவு பிழை. நான் விட்ட பிழை."

வாயால் சொன்னது இதுதான் முதல் தரம். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பெட்டியைத் தள்ளிவிட்டார்.

விற்றது பதினாலு. ஆர் ஆர் வாங்கினது என்று கேட்டேன். தலையைச் சொறிந்து, யோசித்து, ஒன்பது பேரைச் சொன்னார். மிச்சப் பேர் நினைவில்லையாம். வாங்கினவர்கள் குடிக்க வேண்டாம் என்று ஒரு தாள் எழுதி, கதவில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒன்பது பேரில் முதலாவது வீடு தபால் கந்தோருக்குப் பின்னால். பெட்டியைக் கட்டி, திரும்பி வரும்வரை கடையில் விட்டுவிட்டு நடந்தேன்.