எட்டுல ஒரு பங்கு சுருங்கும்

மே 21, புதன்

ரெண்டு நாளா ஒரு வால்வு ரேடியோவுக்கு என்னா கேடுன்னு தேடிகிட்டு இருந்தேன். பின்மூடியைக் கழட்டி, தூசி தட்டி, ரெண்டு கண்டென்சரை மாத்தி, கடைசியில ஆயுசு முடிஞ்சிடுச்சின்னு பெரிய டாக்டரு மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். பிளக்கு சொருகலை.

என் ரேடியோ ரிப்பேர் கடைன்னா வூட்டு முன்ரூமுதான். மத்த நாளா இருந்தா அவரு உள்ளேர்ந்து டீ கிளாஸோட வந்து, "மொதல்ல சுவிட்சைப் போடு, அப்புறம் வைத்தியம் பாரு"ன்னு சொல்லியிருப்பாரு. இன்னிக்கும் வந்தாரு. பிளக்கைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. போயிட்டாரு.

அவருன்னா என் வூட்டுக்காரரு ஜஸ்டின். போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து என்கிட்ட பேசறதில்ல. எனக்கோ பேசாம இருந்தா தொண்டை துருப் புடிக்கும். அதான், அவரு வேலை செய்யற பீங்கான் கம்பெனிக்கு மண்ணு சப்ளை பண்றவங்க குடுத்த டைரியை எடுத்து எழுதறேன். ஆறாங் கிளாஸு எழுத்து. தப்பிருந்தா டைரியா வந்து கேக்கப் போவுது.

மே 22, வியாழன்

நடந்ததையும் எழுதிடறேன்.

கம்மாபுரத்துல நாத்தனார் இஞ்ஞாசியம்மா வூட்டுல அவங்க பேரனுக்குப் புதுநன்மை, சர்ச்சுல மொத தடவை நற்கருணை வாங்கறது. விருந்து. பந்தியில அம்பது பேர் இருப்பாங்க. யாரோ கேட்டாங்க, "ஏம்பா ஜஸ்டினு, இன்னும் சூப்பர்வைசர் ஆகலையா?"

போன மாசந்தான் அந்த வேலையை பாரிக்குக் குடுத்தாங்க. பாரி, இவருகிட்ட வேலை கத்துகிட்ட ஆளு. அன்னிக்கு ராத்திரி இவரு சாப்புடாம படுத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அவரு வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் சொன்னேன்: "சூளையில வச்சா எதுவா இருந்தாலும் எட்டுல ஒரு பங்கு சுருங்கும். இவரு இருபத்திரண்டு வருஷமா சூளை வாசல்ல நிக்கறாரு. எங்கேர்ந்து வளர்றது?"

பந்தியே சிரிச்சிது. அவரும் சிரிச்சாரு. ரசம் கேட்டு வாங்கி ஊத்திகிட்டாரு. திரும்பி வரப்ப பஸ்ஸுல என் பக்கத்துல எடம் இருந்தும் உக்காரலை.

நல்ல ஜோக்குதான். அதான் கஷ்டம்.

மே 25, ஞாயிறு

சர்ச்சுப் பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்ற நேரம். ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் திரும்பி நல்லா சிரிச்ச முகமா கும்பிட்டாரு. சரி, முடிஞ்சுதுன்னு நானும் கும்பிட்டேன். அவரு கும்பிட்டது எனக்குப் பின்னாடி நின்ன கன்னியாஸ்திரி சிஸ்டருக்கு.

மே 27, செவ்வாய்

வூட்டுல இப்ப ஒரு ஏற்பாடு. எங்க பொண்ணு லிசா சென்னையில நர்ஸு. இவரு ஹாலுல உக்காந்துகிட்டு அவளுக்கு போன் போடறாரு. அவ அடுப்படியில இருக்கற எனக்குப் போடறா.

"அம்மா, அப்பாவுக்கு இட்லி போதுமாம்."

"மூணுதான் தின்னுருக்காருன்னு சொல்லு."

ரெண்டு நிமிஷத்துல ஹாலுல போன் அடிக்குது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் பன்னண்டு அடி.

"எனக்கு டூட்டி இருக்குதும்மா. ஒரு சாரி சொல்லித் தொலையேன்."

"சொல்லலாம்டி. எனக்கு அதைச் சொல்றப்ப சிரிப்பு வரும். சிரிச்சிட்டா அதுக்குத் தனியா இன்னொண்ணு சொல்லணும்."

போனை வச்சிட்டா.

மே 29, வியாழன்

சக்கரபாணி அண்ணன் வந்தாரு. ரேடியோ அவரோடது. வேப்பூர்ல ரோட்டோரம் ஓட்டல் வச்சிருக்காரு. இடிச்சுக் கட்டி, ஜூன் 22 தொறக்கறாரு. அன்னிக்கு கல்லா பக்கத்துல இது பாடணுமாம்.

"பாடலைன்னா என்னாண்ணே பண்ணுவீங்க?"

"அது மேல ஊறுகா பாட்டில வைப்பேன்."

குத்தத்தைக் கண்டுபிடிச்சிட்டேன். கடைசி வால்வு உக்கார்ற பேஸு வெடிச்சு, கருகிக் கெடக்குது. எட்டு ஓட்டை போட்ட பீங்கான் வில்லை, அவ்ளோதான். உள்ள இருக்கற பித்தளைக் கவ்விங்க நல்லாத்தான் இருக்குது. ரேடியோ அதான் முனகுது, பேச மாட்டேங்குது.

அந்த பேஸு சென்னையில கெடைக்கும். சொன்னா ரெண்டு நாள்ல கூரியர்ல வரும்.

ஆனா பீங்கான் வேலை தெரிஞ்ச ஆளு பன்னண்டு அடி தூரத்துல இருக்காரு.

லிசாவுக்கு போன் போட்டேன். "அப்பாகிட்ட சொல்லு, இந்த பேஸு ஒலகத்துலயே எங்கயும் கெடைக்கலையாம்."

ஜூன் 2, திங்கள்

செஞ்சு தராராம். அளவு கேட்டாருன்னு லிசா சொன்னா.

பழசை அளந்தேன். முப்பத்திரண்டு மில்லிமீட்டர். கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அதே கம்பெனியில ஆறு வருஷம் பினிஷிங்ல இருந்தவ, கணக்கு எனக்கும் தெரியும். சுட்டு எடுத்தா முப்பத்திரண்டு வரணும்னா சுடாத பச்சை மண்ணுல முப்பத்தாறரை இருக்கணும். முப்பத்தாறரைன்னே சொல்லியனுப்பிட்டேன். சுருங்கறதைப் பத்தி அவரு நெனைக்கவே வேணாம்னுதான்.

ஜூன் 5, வியாழன்

பேஸு சூளைக்குள்ள போயிடுச்சாம். ஃபியூஸ் கேரியருங்களோட ஒரு ஓரமா. லிசா சொன்னா.

ஜூன் 9, திங்கள்

தும்மினாரு. "நூறாயுசு"ன்னேன். பதிலுக்கு இன்னொரு தும்மல் வந்துது. அது எனக்கான்னு தெரியலை.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் ஒரு காயிதப் பொட்டலத்தை என் மேசையில வச்சிட்டு நின்னாரு. பிரிச்சேன். வெள்ளை வெளேர்னு, ஓரமெல்லாம் தேச்சு, எட்டு ஓட்டையும் அச்சுல அடிச்ச மாதிரி. கையாலதான் போட்டிருக்காரு.

வால்வை வச்சேன். ஆடற பல்லு மாதிரி ஆடிச்சு.

அளந்தேன். முப்பத்தாறரை. சூளையிலேர்ந்து வந்த பிறகும் முப்பத்தாறரை.

அப்பதான் புரிஞ்சுது. சுருங்கறதுக்குன்னு நான் ஒரு தரம் கூட்டினேன். நான் சொன்னது சுட்ட அளவுன்னு நெனச்சு அவரு இன்னொரு தரம் கூட்டியிருக்காரு. பச்சையா, சுட்டதான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுது. நடுவுல லிசா. அவளுக்கு ஊசி போடத் தெரியும், மண்ணு தெரியாது.

நான் வாயைத் தொறக்கலை. சத்தியமா தொறக்கலை.

அவரு அதை வாங்கி உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு:

"சூளையில வச்சதுதான். வளர்ந்துருக்குது பாரு."

இருபத்தஞ்சு நாள் கழிச்சு மொத பேச்சு.

எனக்குப் பதிலு ஆறேழு வந்துது. எல்லாமே நல்ல பதிலு. முழுங்கிட்டேன். ராத்திரி சோறு எறங்கலை.

ஜூன் 14, சனி

பேசறாரு. கொழம்புல உப்பு, கரண்டு பில்லு, அந்த மாதிரி பேச்சு. இன்னொரு பேஸு செய்யறாரு. இந்தத் தரம் நேர்லயே கேட்டாரு.

"பச்சையா, சுட்டதா?"

"சுட்டது. முப்பத்திரண்டு."

"லிசாவைக் கேக்க வேணாமில்ல?"

போற மாதிரி போயிட்டுத் திரும்பினாரு. "ஆமா, இது சென்னையில கெடைக்குமே?"

"கெடைக்காதுங்க."

"மூணு வருஷம் முன்ன நாந்தான போய் வாங்கியாந்தேன்."

ஈயம் பத்தவைக்கற கம்பியைத் தொடச்சேன். சுத்தமாத்தான் இருந்துது. இன்னொரு தரம் தொடச்சேன்.

அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்காரு?

பெரிய பேஸை மாதா சுரூபத்துக்கு முன்னாடி வச்சிட்டேன். எட்டு ஊதுபத்தி குத்தலாம். பந்திப் பேச்சை அவரும் எடுக்கலை, நானும் எடுக்கலை. ஆனா இப்பவும் என் கையால வாங்கற டீயை வெளியில போய்தான் குடிக்கறாரு. முன்னெல்லாம் என் மேசை ஓரத்துல நின்னு குடிப்பாரு.

ஜூன் 17, செவ்வாய்

இன்னிக்கு சொல்லிடறதுன்னு போனேன்.

"ஏங்க"ன்னேன்.

"என்னா"ன்னாரு.

"ஃபேன் போடவா"ன்னேன்.

ஓடிகிட்டுதான் இருந்துது.

ஜூன் 19, வியாழன்

ரெண்டாவது பேஸு கச்சிதம். கவ்விங்களைச் சொருகி, ஒயரெல்லாம் பத்தவச்சு, வால்வை உக்கார வச்சேன். இந்தத் தரம் பிளக்கை அவரே சொருகினாரு. அரை நிமிஷம் ஒண்ணுமில்ல. வால்வுல செவப்பு ஏறிச்சு. அப்புறம் திருச்சி ஸ்டேஷன், ஒரு அம்மா வெண்டைக்காய்க்கு வர்ற பூச்சியைப் பத்திப் பேசிச்சு. நாங்க ரெண்டு பேரும் நின்னுகிட்டே கடைசி வரைக்கும் கேட்டோம். எங்ககிட்ட வெண்டைக்காய் இல்ல.

ஜூன் 22, ஞாயிறு

பூசை முடிஞ்சு வேப்பூர் போனோம். வண்டி நான் ஓட்டினேன். அவரு பின்னாடி, ரேடியோவைக் கைக்கொழந்தை மாதிரி மடியில வச்சிகிட்டு, வழி முழுக்க "பள்ளம், பள்ளம்"னுகிட்டே வந்தாரு. ஓட்டல்ல ரேடியோ பாடிச்சு. கூடியிருந்தவங்ககிட்ட, "இதுல பீங்கான் வேலை எங்க வூட்டுக்காரரு செஞ்சது"ன்னு சொன்னேன். அதோட நிறுத்திகிட்டேன். சக்கரபாணி அண்ணன் சந்தோஷத்துல ஒரு சின்ன மூட்டை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, குடுத்தாரு.

திரும்பறப்ப பெட்ரோல் போட நிறுத்தினோம். மூட்டையை என் முதுகுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கற மாதிரி சீட்டுல வச்சு, கெளம்பிட்டேன்.

கொஞ்ச தூரம் போயி, "நல்லா பாடிச்சில்ல"ன்னேன். பதிலு இல்ல. "மல்லாட்டையை அவிக்கறதா, வறுக்கறதா?" பதிலு இல்ல. மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. நான் என்னா சொன்னேன்? பீங்கான் வேலைன்னுதான சொன்னேன்? அதுல எதாவது குத்திடுச்சா? இன்னொரு இருபத்தஞ்சு நாள் என்னால முடியாது.

ரயில்வே கேட்டு போட்டிருந்துது. இஞ்சினை நிறுத்தினேன். திரும்பிப் பாத்தா சிரிச்சிடுவேன்னு தண்டவாளத்தைப் பாத்துகிட்டே சொன்னேன். பந்தியில நான் பேசினது தப்பு. அந்த வேலை ஒங்களுக்குத்தான் வந்துருக்கணும். அது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் ஒங்களை வச்சு நாலு பேருகிட்ட சிரிப்பு வாங்கினேன். மன்னிச்சிடுங்க.

சிரிக்கலை. கண்ணுல கூடத் தண்ணி வந்துது.

"பரவாயில்லக்கா, வுடுங்க"ன்னு பதிலு வந்துது.

கொரலு வேற. பக்கத்துல ஒரு டிராக்டரு நின்னுது. பின் சீட்டுல மல்லாட்டை மட்டும் இருந்துது.

அவரு பங்க்குல கழிப்பறைக்குப் போயிருக்காரு. ஒரு வார்த்தை சொல்லாம போயிருக்காரு, இருபத்தஞ்சு நாள் பழக்கம். பஸ்ஸு புடிச்சு ரெண்டு மணிக்கு வந்து சேந்தாரு. வந்ததும் லிசாவுக்கு போன் போட்டு, "ஒங்கம்மா என்னை வேப்பூர்ல எறக்கி வுட்டுட்டு ஒரு மூட்டையோட குடும்பம் நடத்தப் போயிட்டா"ன்னு சொல்லி மூச்சு வாங்கச் சிரிச்சாரு. அப்புறம் என் மேசை ஓரத்துல வந்து நின்னு டீ குடிச்சாரு.

"அவ்ளோ தூரம் வந்திருக்கியே, என்கிட்ட எதுவுமே பேசலையா நீ?"

"செம வெயிலு. ஒண்ணும் பேசலை"ன்னேன்.

மல்லாட்டையை அவிச்சோம். இவருகிட்ட இன்னும் சொல்லலை. டிராக்டர்காரரு மன்னிச்சிட்டாரு.