நிலாவிலிருந்து திரும்பிய ரயில்

1943, ஐப்பசி, புதன்கிழமை. பாலோ, மலாயா.

இந்த வருடத்தைத் தன் நாட்டுக் கணக்குப்படி 2603 என்று எழுதச் சொல்கிறான் ஜப்பான்காரன். அந்த எரிச்சலில்தான் இன்று மத்தியானம் ஒரு கதை கட்டினேன். தோட்டத்து லயத்துப் பெண்களோடு மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

"நெசமாவே 2603 வந்துட்டா, நெலாவுக்கே ரயிலு ஓடும்லா" என்று ஆரம்பித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு கதை என் கையில் நிற்கவில்லை. ரயில் நிலாவிலிருந்து திரும்பி வருகிறது. பெட்டிக்குப் பெட்டி விளக்கு எரிகிறது. ஒரு ஜன்னலிலும் முகமில்லை. கொக்கிகளில் சட்டைகள் மட்டும் ஆடுகின்றன. சயாம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. ஆனாலும் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு ராசாத்தியின் புருஷனை ரயில் பாதை போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. அவள்தான் கேட்டாள்:

"அக்கா, அதுல நீலக் கோடு போட்ட சட்டை இருந்திச்சா?"

"வெறும் கதைடி."

"தெரியும்க்கா. இருந்திச்சா, இல்லியா?"

இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு மறுபடி கிழங்கை எடுத்தாள்.

கதை கட்டும்போது என் கண்ணில் முதலில் ஆடியதே அந்தச் சட்டைதான்.