வராமல் போன தேதி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய புஷ்பவல்லி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் புனிதா. உங்கள் கணவர் திரு. நாகையா சிகிச்சை பெற்ற மருத்துவமனையில், ஆய்வுப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். போன செப்டம்பரில் அவர் தவறிவிட்டதைக் கோப்பில் பார்த்தேன். வருந்துகிறேன்.

2022இல் அவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்தார்கள். அது இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதை ஓர் ஆய்வுக்குப் பயன்படுத்த உங்கள் சம்மதம் தேவை. மூன்று முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் தமிழில் இதை எழுதி இணைக்கிறேன். விருப்பம் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்புடன்,
புனிதா


கிள்ளான்
11 மார்ச் 2025

அன்புள்ள மகள் புனிதாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? நீங்கள் போன் செய்த நம்பர் அவருடையது. மணி அடிக்கும். எடுக்க எனக்கு மனசு வராது. சார்ஜ் மட்டும் போட்டு வைக்கிறேன்.

தோட்டப் பள்ளியில் ஆறாவது வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சாம்பலைப் போர்ட் கிள்ளானில் கரைத்தோம். என் மகன் குகன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரைத்தான். திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார்கள், நாங்களும் பார்க்கவில்லை. முழுசாக அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவரில் கொஞ்சம் கோலாலம்பூரில் இருக்கிறது என்கிறீர்கள். எவ்வளவு இருக்கும் அம்மா? எதில் வைத்திருக்கிறீர்கள்? கேட்கக்கூடாத கேள்வி என்றால் விட்டுவிடுங்கள்.

முப்பது வருஷம் கொள்கலன் லோரி ஓட்டினவர். நோய் என்று தெரிவதற்கு முன்னால், போர்ட்டிலிருந்து ரவாங் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் வண்டியை நிறுத்துவார். "வழியில இருக்கிற எல்லா எண்ணெய் நிலையத்து கழிவறையும் எனக்குப் பட்டா போட்டாச்சு புஷ்பம்" என்று சிரிப்பார். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பாரத்தைக் குகனிடம் காட்டினேன். சுபாங் ஜெயாவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவான். கையெழுத்துப் போடச் சொன்னான். சொல்லிவிட்டு, "அப்பாதான் உடம்பப் பாத்துக்கல. ஆஸ்பத்திரி தேதிக்கு ஒழுங்கா போயிருந்தா இன்னும் இருந்திருப்பாரு" என்றான். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு சாக்கில் இதைச் சொல்லிவிடுவான். நான் எழுந்துபோய்ச் சோறு எடுத்து வைத்தேன்.

இந்த ஆய்வால் யாருக்கு என்ன கிடைக்கும்? அதைச் சொல்லுங்கள். பிறகு போடுகிறேன்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
18 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டதில் கேட்கக்கூடாதது எதுவும் இல்லை. அந்தச் சதை, தையல் நூல் துண்டு அளவுதான் இருக்கும். மெழுகுக் கட்டிக்குள் பதித்து, எண் போட்டு, பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறோம். குளிர்பெட்டியில் இல்லை. மெழுகுக்குள் கெடாது.

புரோஸ்டேட் புற்று எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது அம்மா. சிலருக்கு இருபது வருஷம் சும்மா கிடக்கும். அவர்களைத் தொந்தரவு செய்யாமல், இரத்தம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சிலருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் எலும்புக்குப் போய்விடும். ஆரம்பத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல முடியுமா என்றுதான் ஆய்வு. சதையில் இருக்கும் புரதங்களுக்குச் சாயம் ஏற்றுவோம். ஒரு புரதம் காணாமல் போயிருந்தாலோ, இன்னொன்று அதிகமாக இருந்தாலோ, அது வேகமாகப் பரவும் வகையாக இருக்கலாம். இறந்தவர்களின் சதை தேவைப்படுவது அதனால்தான். அவர்களுக்கு முடிவு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அந்த முடிவு முதல் நாளே சதையில் தெரிந்ததா என்று திரும்பிப் பார்க்கிறோம்.

இனி வருகிறவர்களுக்கு உதவும். உங்களுக்கு நேராக எதுவும் கிடைக்காது. அதை மறைக்க விரும்பவில்லை.

அன்புடன்,
புனிதா


கிள்ளான்
24 மார்ச் 2025

அன்புள்ள மகள் புனிதாவுக்கு,

எனக்குப் புரிகிற மாதிரி எழுதினீர்கள். டாக்டர்மார்கூட இப்படிச் சொன்னதில்லை. ஒரு கையில் அகராதி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுவார்கள்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். அவருடைய சதையில் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, அது முதல் நாளே வேகமான வகைதானா, இல்லை சும்மா கிடந்து பிறகுதான் கெட்டதா என்று எனக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

2022 ஆகஸ்டில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஆபரேஷன் செய்யலாம், இல்லை இரத்தம் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம் என்றார். நாங்கள் காத்திருக்கிறோம் என்றோம். அடுத்த இரத்தப் பரிசோதனை ஜனவரி பத்தாம் தேதி. அந்தத் தேதிக்குப் போகவில்லை. ஜூனில் போனபோது இடுப்பு எலும்புக்கு வந்துவிட்டது. நடுவில் ஐந்து மாதம்.

அது வேகமான வகை என்றால், ஜனவரியில் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அப்படித்தானே? இல்லையென்றால் அந்த ஐந்து மாதம்தான் அவரைக் கொண்டுபோனது. எனக்கு இது தெரிய வேண்டும் அம்மா. ராத்திரி பகல் என்று இல்லை, பாத்திரம் கழுவும்போதுகூட இதே கேள்விதான்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக யோசித்தேன்.

ஆய்வுக்குப் போகும்போது பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் வைப்போம். முடிவுகளை யாருடைய குடும்பத்துக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. சாயம் சொல்வதும் இன்னும் உறுதியாகவில்லை, அதனால்தான் ஆய்வே செய்கிறோம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. நான் இதை எழுதக்கூடாது. ஆனாலும் எழுதுகிறேன். 'பாருங்கள்' என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் பார்த்துச் சொல்கிறேன். என் அப்பாவும் இதே நோயில்தான் போனார்.

இன்னொன்று. கோப்பில் 10 ஜனவரி 2023க்கு நேராக 'வரவில்லை, மறந்துவிட்டதாக நோயாளி சொன்னார்' என்று இருக்கிறது. ஆய்வுப் பாரத்தில் தவறிய தேதிகளுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதையே எழுதட்டுமா?

அன்புடன்,
புனிதா


கிள்ளான்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மகள் புனிதாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கட்டத்தில் அதை எழுத வேண்டாம். அது உண்மை இல்லை.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அவர் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டது நான். அவருக்காகத்தான். நாற்பத்தெட்டு நாள் விரதம், மாலை போட்டிருந்தார். ஜனவரி பத்து விரதத்துக்கு நடுவில் வந்தது. ஆஸ்பத்திரி சாவு விழுகிற இடம், அங்கே போய் ஊசி குத்தி இரத்தம் எடுத்தால் விரதம் கெட்டுவிடும் என்று பயந்தேன். கோயிலில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

"ஒரு ஊசிதானே புஷ்பம், முருகன் இதுக்கெல்லாம் கோச்சுக்குவாரா?" என்று கேட்டார். அவருக்குத் தேதி நினைவில் நிற்காது, ஆஸ்பத்திரித் தேதி அட்டை என்னிடம்தான் இருக்கும். அதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன். "ஆஸ்பத்திரில இருந்து கூப்பிட்டாங்க, தேதிய மாத்திட்டாங்க" என்று சொன்னேன். யாரும் கூப்பிடவில்லை. அவர் நம்பினார். தைப்பூசம் முடிந்ததும் அழைத்துப் போகலாம் என்று இருந்தேன். போய்க் கேட்டபோது ஜூன் மாதம்தான் தேதி கொடுத்தார்கள்.

ஜூனில் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஏன் ஜனவரியில் வரவில்லை என்று அவரைத்தான் அதட்டினார். "நீங்கதானே தேதிய மாத்தினீங்க" என்று இவர் சொல்ல, நாங்கள் மாற்றவே இல்லையே என்றார் டாக்டர். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, இரண்டு மூச்சு விடுகிற நேரம். பிறகு டாக்டரிடம், "மறந்துட்டேன் டாக்டர், என் தப்புதான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். வலியில் கத்தியிருக்கிறார், கஞ்சி சூடாக இல்லை என்று திட்டியிருக்கிறார், இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தினமும் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் போவேன். "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன்.

எண்ணைப் பார்க்க வேண்டாம் அம்மா. அப்பாவை இழந்த பிள்ளை நீங்கள், எனக்காக உங்கள் வேலைக்குக் கெடுதல் வரக்கூடாது. சாயம் எதைச் சொன்னாலும் நான் பொய் சொன்னது சொன்னதுதான். வேகமான வகை என்று நீங்கள் எழுதினால் அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அந்தத் தூக்கம் எனக்கு வேண்டாம்.

பாரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். காரணம் கேட்கிற கட்டத்தில், மனைவி தேதியை மறைத்துவிட்டாள் என்று எழுதுங்கள். என் பெயரையும் போட வேண்டும் என்றால் போடுங்கள்.

குகனிடமும் சொல்லிவிட்டேன். அதற்கு முன் இதை எழுத மனசு வரவில்லை, அதுதான் தாமதம். முழுக்கக் கேட்டான். பிறகு கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றோடு இரண்டு ஞாயிறு ஆகிறது, வரவில்லை. இனி அவன் வருவதும் வராததும் அவன் இஷ்டம். அவன் அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளாத மனுஷர் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இப்படிக்கு,
நாகையாவின் மனைவி
புஷ்பவல்லி