நாலரை அடி அறை

அருகன் துணை

திருவண்ணாமலை
6-11-83

அன்புள்ள குசுமா அப்பாவுக்கு ஜினமதி எழுதுவது.

இங்கே நானும் குசுமாவும் உங்கள் அக்காவும் நலம். மஸ்கட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வரியாவது எழுதுங்கள். போன வாரம் வந்த கவரில் வீட்டு பிளான் மட்டும்தான் இருந்தது. கடிதம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று கவரைக் கவிழ்த்து உதறினேன். பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா, "நல்லா உதறு, தம்பியே கீழ விழுவான்" என்றார். சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி மழை இந்த முறை ஜாஸ்தி. கீழே முன் அறையில் ஈரம் ஏறியிருக்கிறது. தீபத்துக்கு இப்போதே லாட்ஜ் எல்லாம் நிரம்பிவிட்டதாம். குசுமாவுக்குப் போன மாதம் சளி பிடித்து இறங்கிவிட்டது, பயம் ஒன்றும் இல்லை. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், "பேப்பர்ல வீடு கட்டறாரு" என்கிறாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிக்கிறார்கள். டிராப்ட்ஸ்மேன் என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் நாக்குக்கு அது வரவில்லை.

பிளான் விஷயத்துக்கு வருகிறேன். மனை என் பேரில் இருப்பதால் கையெழுத்துப் போட்டு முனிசிபாலிட்டியில் கொடுக்கச் சொல்லிக் குறித்திருக்கிறீர்கள். நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எல்லோரும் தூங்கியபிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வருஷம் நீங்கள் அனுப்பிய பிளான்களை எல்லாம் பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றில், மாடியின் தளத்தை உடைத்து இரண்டு அடி இறக்கிப் போட்டால் மேலே ஒரு அறைக்கு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தீர்கள். இன்னொன்றில் கீழ்வீட்டையே தெருமட்டத்துக்குக் கீழே தோண்டி இறக்கச் சொல்லியிருந்தீர்கள். "மழை பெய்தா நாம இன்னா மீனா, நீஞ்சறதுக்கு" என்று உங்கள் அக்கா கேட்டார். இப்போது வந்திருப்பதில் எதையும் உடைக்க வேண்டாம். கோயிலுக்கு இத்தனை பக்கத்தில் முப்பது அடிக்கு மேல் எழுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம் வீடு தெருவிலிருந்து மொட்டை மாடி வரை இருபத்தைந்து அடி. மீதி ஐந்து. கூரைத் தளத்தின் கனம் போக உள்ளே நாலரை அடி நிற்கும். அந்த நாலரை அடியில் ஓர் அறை போட்டு, "சாமான் அறை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கபாலி மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிளானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இன்னாங்கம்மா, சாரு கடல் தாண்டிப் போயி கோழிக்கூண்டுக்குப் பிளான் அனுப்பறாரு" என்றார். பிறகு பிளானில் இருந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, "மூட்டை முடிச்சு மலையப் பாக்கணுமா?" என்று கேட்டார். நானும் கூடச் சிரித்தேன். அவர் போன பிறகுதான் பிளானை மறுபடி விரித்து அந்த ஜன்னலை அளந்து பார்த்தேன்.

சாமான் அறைக்கு மலைப் பக்கம் ஜன்னல் எதற்கு? அதுவும் தரையிலிருந்து இரண்டே அடி உயரத்தில்? அந்த அறையில் நீங்களும் நானும் குனிந்துதான் நுழைய முடியும். நிமிர்ந்து நின்று, நேராக மலையைப் பார்க்க ஒரு நாலு வயதுப் பிள்ளையால்தான் முடியும்.

நான் கணிதம் படித்தவள். உங்கள் கோடுகளைப் படிக்கத் தெரியும். இது நம் பிள்ளை ஆதிராஜின் அறை. அதே மூலை, அதே வாசல். பழைய அறையிலும் அவன் எட்டிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஜன்னலைத் தாழ்த்தித்தான் வைத்தீர்கள்.

அவன் போய் ஆறாம் மாதம் அந்த அறையை இடித்தார்கள். பிளானில் காட்டாமல் கட்டியது, உயரமும் அதிகம், எடுத்தே ஆக வேண்டும் என்று முனிசிபாலிட்டியில் சொன்னதை உங்களுக்கு எழுதினேன். இடித்த அன்றைக்கு எப்படி இருந்தது என்று எழுதவில்லை. நீங்களும் கேட்கவில்லை. காய்ச்சலில் அவன் படுத்திருந்த சுவரோரம்தான் முதல் அடி விழுந்தது. இவ்வளவு போதும். தந்தி உங்கள் கைக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது, லீவும் கொடுக்கவில்லை. அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை என்று அப்போதே எழுதினேன், இப்போதும் அதையேதான் சொல்வேன். அதன்பிறகு இரண்டு தடவை லீவு வந்தது. இரண்டு தடவையும் பிளான்தான் வந்தது. வயிற்றில் விட்டுவிட்டுப் போன பெண்ணுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது.

அறையின் சுவர் போனதே தவிர, சிவப்புத் தரை போகவில்லை. மொட்டை மாடி மூலையில் வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடக்கிறது. குசுமாவுக்கு விளையாட அந்த இடம்தான். முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் துணி உலர்த்தும்போது பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாலும் அவள் வாசல் இருந்த இடத்துக்குச் சுற்றிப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அதன் வழியாகத்தான் தரைக்குள் போகிறாள். வேறு எங்கேயும் கால் வைத்து ஏறுவதில்லை. இடித்த சுவரின் அடிவரிசைச் செங்கல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது, வாசல் இருந்த இடத்தில் அது இல்லை, குழந்தை அதைப் பார்த்துப் போகிறாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். இன்னொரு நாள் கொடியில் புடவையைப் போட்டதும் ஓடிவந்து இழுத்தாள். "ஜன்னல்ல போடாதம்மா, மலை மறைக்குது" என்றாள். ஜன்னல் எங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தரையில் ஓர் அடையாளமும் இல்லை. நானோ உங்கள் அக்காவோ சொன்னதும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நிதானமாகப் படியுங்கள், இப்போது அவள் பத்திரமாக இருக்கிறாள். அன்று மழை விட்டிருந்தது. பாய் எடுக்க மேலே போனேன். குசுமா மலைப் பக்கம் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அறைச் சுவர்தான் தடுப்பாக இருந்தது, அது போன பிறகு ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சுவர் கட்டுகிறேன் என்று நான் கேட்டபோதெல்லாம், புதுப் பிளான் வருகிறது, கட்டி மறுபடி உடைப்பானேன் என்று எழுதினீர்கள். அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே வைத்து, எதன் மேலோ ஊன்றியதுபோல் சாய்ந்து நின்றாள். கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் கால் வழுக்கும். வாயைத் திறக்காமல் போய்ப் பின்னாலிருந்து பாவாடையைச் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். "ஜன்னல் கீதும்மா, வுழமாட்டேன்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னாள்.

அன்று நம் வழக்கப்படி சூரியன் சாய்வதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை.

உங்கள் அக்காவிடம் சொன்னேன். அவர் நம் சமண வழியைத்தான் சொன்னார். "போன உயிரு போன நிமிஷமே வேற உடம்பு தேடிப் பூடும். அது காத்துனு நிக்காது. இந்நேரம் எந்த ஊருலயோ குசுமா வயசுப் புள்ளையா ஓடினு இருப்பான், நீ ஏண்டி அவன மாடியில கட்டி வெக்கிற" என்றார். எனக்கும் அதுதான் நம்பிக்கை, சின்ன வயதிலிருந்து பாடமாகப் படித்ததும் அதுதான். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில், கடைத்தெருவில் மூன்று வயதுப் பையன்களைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக் குருக்களின் மனைவி அபீதகுஜாம்பாள் மாமி நல்லவர். "உங்கள்ல திதியே கிடையாதாடி? குழந்தைக்கும் கிடையாதா? மனசுக்கு எப்படிடி ஆறும்?" என்று கேட்டார். கிடையாது என்றேன். பெருமையாகச் சொல்ல வேண்டியதை அன்று அப்படிச் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்கு வா என்று கூப்பிட்டுச் சோறு வைத்து, போய்வா என்று அனுப்பிவிடுகிறார்கள். நமக்கு அப்படி ஒரு நாள் இல்லை. அதனால்தான் நீங்கள் பிளான் போடுகிறீர்களோ என்று அப்போது தோன்றியது. தப்பாக எழுதியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாளே மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. குசுமா படியேறிப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். தட்டித் தட்டி அலுத்து இறங்கிவிடுவாள். இன்று சாயங்காலமும் தட்டும் சத்தம் கேட்டது. அவளை அழைத்துவர எழுந்தேன். பார்த்தால் அவள் முன் அறையில் உங்கள் அக்கா மடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் படியின் பக்கத்திலிருந்து வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், மொட்டை மாடியிலிருந்து வந்தது, கதவின் கீழ்ப்பாதியில். ஐப்பசிக் காற்று என்றுதான் எழுதுகிறேன். காற்றாகத்தான் இருக்கும். சாவி கையில் இருந்தும் நான் திறக்கவில்லை. திறந்திருந்தால், காற்று இல்லை என்றாலும் என்னால் தாங்க முடியாது, காற்றுதான் என்றாலும் தாங்க முடியாது.

நீங்கள் போட்டிருக்கும் அறையை யோசித்துப் பாருங்கள். குசுமா அதில் ஏழெட்டு வருஷம் நிமிர்ந்து நிற்பாள். அதற்குப் பிறகு தலை இடிக்கும், வெளியே வந்துவிடுவாள். அவனுக்கு மட்டும் அது என்றைக்கும் சரியாக இருக்கும். நாம் சாகும் வரைக்கும் சரியாக இருக்கும். அப்படி ஓர் அறையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சமைப்பேன், எப்படி அவளுக்குத் தலை வாருவேன்?

அதனால் கையெழுத்துப் போடப்போவதில்லை. கபாலியிடம் சொல்லிவிட்டேன். தீபக் கூட்டம் கலைந்ததும் மழை பார்த்து வேலை தொடங்குவார். மலைப் பக்கம் மூன்றரை அடிக்குக் கைப்பிடிச் சுவர், முழுச் செங்கல், நடுவில் ஒரு துவாரமும் இல்லாமல். சிவப்புத் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு, மற்ற இடத்தில் இருப்பதுபோலவே ஓடு பதித்துவிடச் சொன்னேன். குசுமா அழுவாள். அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள நான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

வேலையை நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தந்தி கொடுக்காதீர்கள். இன்னொரு பிளானும் அனுப்பாதீர்கள். நீங்களே வந்து, மேலே ஏறி, அந்தத் தரையில் நின்று, வேண்டாம் ஜினமதி என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கபாலியை அந்த நிமிஷமே இறங்கச் சொல்லிவிடுகிறேன். சொல்ல முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாலும் சரி. பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

வருகிற வழியில் உங்களுக்கு ஒரு குறையும் நேராமல் அருகன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
ஜினமதி