தபால் பெட்டியில் என் பெயர்

மஹ்னாஸ்,

நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ஒரே ஜெர்மனிதானே என்று வேலைக்காக ஊர் மாறினேன். நம் பழைய ஊரில் வெளிநாட்டவர் அலுவலகம் எதையும் தபாலில்தான் அனுப்பும். இங்கே எல்லாம் கம்ப்யூட்டர், மனுஷ முகமே கிடையாது.

நேற்று வாசல் காவலாளியின் காலில் விழாத குறை. உள்ளே விசாரித்துவிட்டு வந்தார். "உங்க ஃபைல் பழைய ஊர்லயே கெடக்கு. அத இங்க அனுப்ப உங்க கையெழுத்து கேட்டு, பழைய விலாசத்துக்கு ரெண்டு தடவ தபால் போட்டாங்களாம். அந்தப் பேர்ல யாருமில்லன்னு திரும்பிடுச்சாம்."

நம் வீட்டுத் தபால் பெட்டியிலிருந்து என் பெயரைக் கிழித்துவிட்டாய், இல்லையா? பெட்டியில் பெயர் இல்லையென்றால் இந்த நாட்டில் தபாலைப் போடமாட்டார்களே. நான் பேசிய பேச்சுக்கு அது நியாயம்தான்.

மூன்றாவது தபாலும் திரும்பினால் விசா அவ்வளவுதான், என்னை ஈரானுக்கே அனுப்பிவிடுவார்கள். உன் பெயருக்குக் கீழே என் பெயரை ஒட்டிவிடு. தபாலை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், நீ கதவைத் திறக்க வேண்டாம். அந்தப் பெட்டியில் மட்டும் உன்னோடு குடியிருந்துகொள்கிறேன்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன்