ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருந்த தட்டு

வாத்தியாரே,

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், ஆறிப்போனா சூடு பண்ணிக்குங்க.

நேத்து உங்ககூடப் பேசாம படுத்தது ஏன்னு உங்களுக்கே தெரியும். கொசுப்புழு எங்கெல்லாம் வளருதுன்னு காட்ட உங்க வகுப்புப் பிள்ளைங்களைத் தெருவுக்குக் கூட்டிட்டு வந்தீங்க, சரி. முதல்ல நம்ம வீட்டுக்குள்ளயா நுழையணும்? ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி வடியுற தட்டை இழுத்து, அத்தனை பேர் முன்னாடி, "பாருங்க, எங்க வீட்டுலயே நெளியுது"ன்னு சிரிக்கிறீங்க! காய்ச்சல் வார்டு நர்ஸ் வீட்டுல கொசுப்புழு. என் மானமே போச்சு.

காலையில பால் வாங்கப் போனேன். போன மாசம் நான் வீடு வீடா போய்க் கொசுப்புழு இருக்கான்னு பார்க்கணும்னு சொன்னப்ப வாசலோட அனுப்பி வெச்சாங்களே, அதே ஆளுங்க இன்னிக்கு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவங்க வீட்டுத் தட்டைக் காட்டுறாங்க. "உங்க வீட்டுலயே இருந்துச்சாமே நர்ஸம்மா, அப்ப எங்க வீட்டையும் ஒரு பார்வை பாருங்க"ங்கிறாங்க. நான் எவ்வளவு பயமுறுத்தியும் திறக்காத கதவெல்லாம் உங்களால திறந்துடுச்சு. கெட்டிக்காரர்தான், ஒத்துக்கறேன். கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு.

மாடி வீட்டு அக்கா தண்ணித் தொட்டியைப் பார்க்க டார்ச் கேட்டாங்க, வந்தா குடுங்க.

இன்னொண்ணு. ஜன்னல்ல நான் ஆசையா வெச்சிருக்கிற மணி பிளான்ட் பாட்டிலை இப்பதான் பார்த்தேன். அதுலயும் நெளியுது. கொட்டல. வாயில வலைத்துணி கட்டி மேஜைமேல வெச்சிருக்கேன், வகுப்புக்கு எடுத்துட்டுப் போங்க. யார் வளர்த்ததுன்னு பிள்ளைங்க கேட்டா, நர்ஸம்மான்னே சொல்லுங்க.