வீட்டுக்கார அம்மாவின் ஜெர்மன்

மார்க்கையன்கோட்டை,
7 ஜூன் 2009.

அன்புள்ள சொர்ணலதாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஊறுகாய்ப் பார்சலோடு இதை அனுப்புகிறேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

ஜெர்மன் பரீட்சையில் கோட்டை விட்டது உண்மைதான். பாஸ் செய்தால்தான் உன்னிடம் வர எனக்கு விசா, அதுவும் சரி. அதற்காக ஆராய்ச்சியைப் பாதியில் போட்டுவிட்டு, ஆறு மாத வயிற்றோடு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ சொல்வது என்ன கணக்கு? கண்டமனூர் காற்றாலையில் ஒரு காத்தாடி நின்றுபோனால் ஏறிப் பழுது பார்க்கிறோம். கோபுரத்தைப் பிரித்து விற்பதில்லை. அடுத்த மாதம் பரீட்சையைத் திரும்ப எழுதுகிறேன்.

செல்லப்பாண்டி மாமா டீக்கடையில் வைத்து, "ஏலே, பொண்டாட்டி பின்னாடி போறதுக்குப் பரீட்சை வேறயா?" என்றார். "ஆமா மாமா, அதுலயும் பெயிலு" என்றேன்.

ஏன் தோற்றேன் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் உன் வீட்டுக்கார அம்மா போனில் என்னோடு பேசுகிறார்களே, அது அந்த வட்டாரத்து ஜெர்மன். எனக்கு நன்றாகப் புரிகிறது. பரீட்சையில் போட்ட சி.டி.யோ ரேடியோ செய்தி மாதிரி, மண்டையில் ஏறவில்லை. பேசச் சொன்னபோது அந்த அம்மா மாதிரியே பேசினேன். கேட்டவர் முகம் சுளித்தார்.

மதுரை வகுப்பில் ஹேமாவதி டீச்சர் அதைக் கொச்சை, தப்பு ஜெர்மன் என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அந்தம்மா எழுபது வருசமா தப்பாவா பேசிக்கிட்டிருக்காக?" என்று கேட்டுவிட்டேன். "உங்க தமிழே எனக்குப் பாதி புரியலையே தம்பி" என்றார்கள். வகுப்பே சிரித்தது. விடுவேனா? அங்கேயே அந்த அம்மாவின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

டீச்சர் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மாவின் குரலே மாறிவிட்டது. அப்படியே சி.டி. ஜெர்மன்! சுத்தமாக, நிறுத்தி நிறுத்தி. பேங்க் மேனேஜரைக் கண்டால் என் அம்மாவுக்கு "வந்தாக" எல்லாம் "வந்தார்கள்" ஆகிவிடுமே, அதே கதை. எனக்குக் கெட்ட கோபம். இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் பேசவில்லை என்று கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதிலை டீச்சரே தமிழில் சொன்னார்கள்: "அது வெளியாளுக்குப் பேசறது. நீ எங்க வீட்டுப் பையன்."

சொல்லிவிட்டு டீச்சர் சும்மா கரும்பலகையைத் துடைத்தார்கள். பிறகு, "கொச்சைன்னு சொன்னது என் தப்பு. ஆனா பரீட்சை வைக்கிறவங்களுக்கு நீங்க வெளியாள்தானே?" என்றார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம்.

அதனால் நீ அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல். பரீட்சை முடிகிறவரை என்னிடம் அந்தச் சுத்த ஜெர்மனே பேசட்டும். வருத்தப்படுவார்கள். குழந்தையைக் கொஞ்சும்போது அவர்கள் பேச்சுதான் என்று நான் சொன்னதாகச் சொல்.

டிக்கெட் போடாதே. உன் கடைசி மெயில், "முடிவு செய்துள்ளேன்" என்று ஆபீஸ் கடிதம் மாதிரி வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த அம்மா ஒரு மாதம் என்னை வெளியாளாக வைத்துக்கொள்ளட்டும், தாங்கிக்கொள்வேன். நீ வைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
திலீபன்